சாலையும் பந்தியும்: பூவிருந்தவல்லியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

சென்னையின் மேற்குப் புறநகர்ச் சபைகளின் வரலாற்றை எழுத முற்படும் இறையியல் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே வகையில் தொடங்குகின்றனர். இன்ன ஆண்டில் இன்ன மிஷனெரியோ இன்ன குடும்பத்தாரோ இவ்விடத்திற்கு வந்தனர். ஓலைக் கொட்டகையில் முதல் ஆராதனை நடைபெற்றது. பின்னர் ஆலயம் எழும்பிற்று. அதற்கு முன் அங்கு வாழ்ந்தோர் எவற்றைக் குறித்து வழக்காடினர், எவற்றைக் குறித்துக் கண்ணீர் வடித்தனர் என்னும் வினாக்கள் எழுவதில்லை. ஊர் வெற்று நிலமாகவும், திருச்சபை அதில் முதன்முதலாக ஊன்றப்பட்ட வித்தாகவும் கருதப்படுகின்றது. இக்கருத்து எத்துணைக் குறையுடையது என்பதைப் பூவிருந்தவல்லி என்னும் சிறு நகர் ஒன்றை எடுத்துக்கொண்டு காண முயல்வோம்.

பூவிருந்தவல்லி என்பது ஏட்டு வழக்கு. பூந்தமல்லி என்பது மக்கள் வழக்கு. ஆங்கில ஆவணங்கள் அதனைப் பூனமல்லி எனச் சிதைத்தன. இங்குள்ள வரதராசப் பெருமாள் கோயிலின் தாயாருக்குப் புஷ்பவல்லி என்பது திருநாமம். தாயார் மல்லிகை மலரில் தோன்றியதனால் ஊர் இப்பெயர் பெற்றதெனத் தலபுராணம் கூறும். இன்று இது திருவள்ளூர் மாவட்டத்தைச் சார்ந்த ஒரு நகராட்சி. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி ஏறத்தாழ 57,000 பேர் இங்கு வாழ்ந்தனர். எனினும் இவ்வூரை அறிந்தோரில் பெரும்பாலோர் இதன் வழியே சென்றவர்களேயன்றி இதனிடத்துத் தங்கியவர்கள் அல்லர். சென்னையிலிருந்து காஞ்சிக்கும், வேலூருக்கும், பெங்களூருக்கும் செல்லும் பெருவழி இதனை ஊடறுத்துச் செல்கின்றது. ஆகவே, இதன் வரலாறு அச்சாலையின் வரலாற்றினின்று பிரிக்க இயலாதது.

இச்சாலையில் மேற்கு நோக்கிச் செல்வோர் முதலில் பூந்தமல்லியையும், அடுத்துத் திருமழிசையையும், பின்னர்த் திருப்பெரும்புதூரையும் கடந்து காஞ்சியை அடைவர். பேருந்தில் உறங்கிக்கொண்டே கடக்கும் இந்த ஊர்ப் பெயர்களைச் சற்று நிறுத்திப் படித்தல் வேண்டும். திருமழிசை, ஆழ்வார் ஒருவரின் ஊர். திருப்பெரும்புதூர், இராமாநுசரின் ஊர். பூந்தமல்லி, அவருக்கு மூத்தவராகிய திருக்கச்சி நம்பிகளின் ஊர். வைணவப் பெரியோர் மூவரின் பிறப்பிடங்கள் ஒரே சாலையில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வியப்பு அதுவன்று. இம்மூவரைப் பற்றி வழிவழியாக வழங்கும் வரலாறுகள் மூன்றும் ஒரே வினாவை எழுப்புகின்றன. இறைவனுக்கு அணுக்கமானவன் தாழ்ந்த குலத்தவன் எனப்படின், உயர்குலத்தவன் அவனோடு எங்ஙனம் பழகுவது?

திருமழிசையாழ்வார் பிரம்பறுத்து வாழ்ந்த எளியோர் இல்லத்தில் வளர்ந்தவர் எனக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. பெரும்புலியூரில் வேதம் ஓதிக்கொண்டிருந்த அந்தணர்கள் அவரைக் கண்டு ஓதுதலை நிறுத்தினர் என்றும், மீண்டும் தொடங்கும்போது விட்ட இடம் மறந்து திகைத்தனர் என்றும், அவர் கருநெல் ஒன்றை நகத்தால் கீறி அவ்விடத்தைக் குறிப்பால் உணர்த்தினார் என்றும் அந்நூல்கள் உரைக்கும். கேட்கத் தகாதவன் எனப்பட்டவனே வேதத்தைக் காத்துக் கொடுத்தான் என்பது இதன் உட்கிடை.

திருக்கச்சி நம்பிகள் வைசிய குலத்தில் தோன்றியவர், ஆளவந்தாரின் மாணாக்கர். பூந்தமல்லியில் மலர் கொய்து காஞ்சி வரதருக்குக் கொண்டு செல்வதும், அப்பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுவதும் அவர் ஏற்றுக்கொண்ட தொண்டுகள். வரதர் அவரோடு நேரில் உரையாடுவார் என்று மக்கள் நம்பினர். இளைஞராயிருந்த இராமாநுசர் தம் உள்ளத்து ஐயங்களை நம்பிகளிடம் கூற, அவர் வரதரிடம் கேட்டு ஆறு வார்த்தைகளாக விடை கொணர்ந்தார் என்பது வைணவ உலகம் போற்றும் செய்தி. பிற்காலத்து விசிட்டாத்துவைதக் கோட்பாட்டின் வித்துகள் அவ்வாறினுள் அடங்கியிருப்பதாகக் கருதுவர். அஃதாவது, தென்னிந்திய இறையியலின் மாபெரும் மரபு ஒன்று, பூந்தமல்லியைச் சேர்ந்த அந்தணரல்லாத தொண்டர் ஒருவரின் வாய்வழியாகத் தன் தொடக்கத்தைப் பெற்றதாகத் தன்னைப் பற்றியே கூறிக்கொள்கின்றது.

நமக்கு இங்கு முதன்மையானது பந்தியைப் பற்றிய நிகழ்ச்சி. நம்பிகள் உண்டு எஞ்சியதை உண்ண விரும்பிய இராமாநுசர் அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்தார். இராமாநுசர் வெளியே சென்றிருந்த வேளையில் நம்பிகள் வந்தார். இராமாநுசரின் மனைவியார் அவருக்கு உணவிட்டு அனுப்பி, அவர் உண்ட இலையை எறிந்து, தரையை மெழுகி, தாமும் நீராடி, கணவருக்குப் புதிதாகச் சமைத்தார். திரும்பி வந்த இராமாநுசர் நிகழ்ந்ததை அறிந்து வருந்தினார். அவர் இல்லறத்தைத் துறந்தமைக்குக் காரணமான நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்றென எண்ணப்படுகின்றது.

இப்பகுதியை வகுப்பில் எடுத்துரைக்கும்போது மாணவர்கள் தாமாகவே கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை நினைவுகூர்வர். அந்தியோகியாவில் புறவினத்தாரோடு உணவருந்திய பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்தவுடன் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார். ஒப்புமை உண்மையே. ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, மெழுகிய பெண்ணின்மீது முழுப்பழியையும் சுமத்துதல் எளிது. அவர் செய்தது அவருக்குக் கற்பிக்கப்பட்ட நெறி. அதைக் கற்பித்தவர் எவரும் இக்கதையில் கண்டிக்கப்படவில்லை. இரண்டாவது, நம்பிகளே குலமுறையை எண்ணி இராமாநுசருக்குக் குருவாக அமைய இசையவில்லை என்பர். மேலும், இப்பந்தியின் விளிம்பில் நிற்பவர் ஒரு வணிகர். ஊருக்கு வெளியே சேரியில் வாழ்ந்தவர்கள் கதைக்குள் வரவேயில்லை. அவர்கள் ஆவணங்களில் தோன்றுதற்கு இன்னும் பல நூற்றாண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

அரசியல் வரலாற்றை விரைந்து கடப்போம். 1639இல் ஆங்கிலக் கம்பெனியாருக்குச் சென்னைக் கடற்கரையில் கோட்டை கட்டிக்கொள்ள இசைவு வழங்கிய தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் வந்தவாசியில் இருந்தார். அவர் தம்பி ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் தங்கி இப்பகுதியைக் கவனித்து வந்தார். கம்பெனியின் பிரான்சிஸ் டேயோடு நடந்த பேச்சுகளில் இவருக்குப் பங்கு உண்டு. இவ்விருவரின் தந்தை சென்னப்பரின் பெயரே சென்னப்பட்டினம் என்பதில் நிலைத்தது. இன்று சென்னையின் புறநகர் எனப்படும் ஊரின் நிருவாகத்திலிருந்துதான் சென்னை பிறந்தது என்பதைச் சென்னைவாசிகள் அறிந்திருந்தால் நன்று. 1646ஐ ஒட்டிக் கோல்கொண்டாப் படைகள் மீர் ஜும்லாவின் தலைமையில் இப்பகுதியைக் கைப்பற்றின. அக்காலத்துக்குரிய, 1653ஆம் ஆண்டைச் சார்ந்த பள்ளிவாசல் இன்றும் இவ்வூரில் தொழுகைக்குரிய இடமாக உள்ளது. 1680ஐ ஒட்டிய ஆண்டுகளில் பூந்தமல்லியின் அதிகாரியாயிருந்த லிங்கப்பா, கம்பெனியாரோடு பிணங்கி, சென்னைக்குச் செல்லும் தானியத்தையும் சரக்குகளையும் தடுத்து அவர்களைத் திணறச் செய்தார். சாலையைப் பிடித்தவன் பட்டினத்தின் வயிற்றைப் பிடித்தான்.

1763இல் செங்கற்பட்டு ஜாகீர் முழுவதும் நவாப் முகமது அலியால் கம்பெனிக்கு அளிக்கப்பட்டது. பூந்தமல்லிச் சீமையின் வருவாய் அதற்கும் முன்னரே கம்பெனியின் கைக்குச் சென்றிருந்தது. பழைய கோட்டை நாளடைவில் ஆங்கிலப் படையினரின் தங்குமிடமாயிற்று. கப்பலிலிருந்து இறங்கிய புதிய வீரர்களும், நோயுற்றுத் தேறிவந்தவர்களும், ஊர் திரும்பக் காத்திருந்தவர்களும் இங்கு வைக்கப்பட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வூரார் அன்றாடம் கண்ட கிறித்தவன் மிஷனெரி அல்லன், காய்ச்சலில் மெலிந்த வெள்ளைச் சிப்பாயே எனலாம். நம் மிஷன் வரலாறுகள் இவனைப் பற்றிப் பேச விரும்புவதில்லை.

இச்சாலையின் கிழக்கு முனைக்கு அருகில் வேப்பேரி உள்ளது. 1749இல் அங்கிருந்த சிற்றாலயம் கத்தோலிக்கரிடமிருந்து எடுக்கப்பட்டுக் கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்தின் பணியாளராகிய பப்ரிசியுசிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய திருமறை மொழிபெயர்ப்பையும் அகராதியையும் நாம் நன்கறிவோம். அவருக்குப் பின் அச்சபையில் எழுந்த பந்தி வழக்கை அவ்வளவாக நினைப்பதில்லை. 1833ஆம் ஆண்டு கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் எனச் சுற்றுமடல் விடுத்தார். ஆலயத்தில் தனித்தனி இருக்கை, திருவிருந்தில் முன்பின் வரிசை ஆகியவை அன்று வழக்கத்தில் இருந்தன. வேப்பேரியிலும் தஞ்சையிலும் எதிர்ப்பு எழுந்தது. வேப்பேரியில் வேளாளக் கிறித்தவர் சிலர் சபையை விட்டுப் பிரிந்தனர். அவர்களுட் பலர் பின்னர் லைப்சிக் லூத்தரன் மிஷனை நாடினர். 1850இல் சென்னை மிஷனெரி மாநாடு, சாதியை விட்டதற்குச் சான்றாகப் பிற குலத்தாரோடு உடனுண்ணுதலை வற்புறுத்திற்று. லைப்சிக் மிஷனார் இதனை ஏற்கவில்லை. சாதி பெரிதும் சமுதாய வழக்கு, காலப்போக்கில் கரைய விடவேண்டியது என்பது அவர்கள் கொள்கை.

இரு சாராரையும் நேர்மையாக எடைபோடுதல் கடினம். உடனுண்ணும் சோதனையை வைத்தவர்கள், தம் சொந்த பங்களாக்களில் இந்தியப் போதகரை எத்தனை முறை மேசைக்கு அழைத்தனர் என்று கேட்கலாம். பொறுமை பேசியவர்களிடம், யாருடைய பொறுமை என்று கேட்கலாம். நான் கருதுவது இது: ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இதே சாலையின் நடுவில் ஒரு வீட்டுத் தரை மெழுகப்பட்டதைப் பற்றி வேப்பேரிச் சபையார் கேள்விப்பட்டிராமல் இருந்திருக்க முடியாது. வைணவ மரபு தன் குருவின் வீட்டில் நேர்ந்த அவமானத்தை மறைக்காமல் எழுதி வைத்தது. நம் சபைகள் தம் பிரிவுகளின் காரணத்தை ஆண்டுமலர்களில் எழுதுவதில்லை. 'சில கருத்து வேறுபாடுகள்' என்ற சொற்றொடரோடு கடந்துவிடுகின்றன.

சேரியில் வாழ்ந்தோர் ஆவணங்களில் தோன்றியது நிலவரிக் கணக்குகளின் வழியாகும். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் ஜாகீரின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். ஒவ்வோர் ஊரிலும் எந்தெந்தக் குலத்தாருக்கு எத்தனை வீடு, எவ்வளவு நன்செய், களத்து மேட்டில் நெற்குவியலைப் பங்கிடுமுன் கோயிலுக்கும், கணக்கனுக்கும், வெட்டியானுக்கும், பிறருக்கும் எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பவை அவ்வளவையிலும் அதனோடு தொடர்புடைய ஓலைக் கணக்குகளிலும் காணப்படுகின்றன. பின்னர் கலெக்டர் லயனல் பிளேசும், தமிழறிஞரான எல்லிசும் மிராசு உரிமை பற்றி விரிவாக எழுதினர். மிராசுதாரருக்கு நிலத்தின்மீது உள்ள உரிமை அவ்வெழுத்துகளில் நுணுக்கமாக ஆராயப்பட்டது. அந்நிலத்தில் உழைத்தவர்கள் அவ்வுரிமையின் உடைமைப் பட்டியலிலேயே இடம்பெற்றனர்.

இந்நிலையை வெளிப்படையாகக் கண்டித்தவர் 1891இல் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த டிரெமன்கீர். பறையர் தரிசு நிலத்திற்கு விண்ணப்பித்தால் மிராசுதாரர் தடுப்பதையும், அவர்கள் குடியிருக்கும் மனைகூட அவர்களுடையதாக இல்லாமையையும் அவர் அறிக்கையாக எழுதினார். இவ்விடத்தில் நம் சபைகளுக்கும் பங்கு உண்டு. திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் பணியாற்றிய வெஸ்லியன் மிஷனெரி வில்லியம் கௌடியும், செங்கற்பட்டில் பணியாற்றிய ஸ்காத்து மிஷனெரி ஆதாம் ஆண்ட்ருவும் மனைப்பட்டாவுக்கும் நிலத்துக்குமாக அரசிடம் வாதாடினர். ஆண்ட்ரு மெல்ரோசாபுரம் போன்ற குடியேற்றங்களை அமைத்தார். 1892 செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த 1010ஆம் எண் அரசாணையின் தொடர்ச்சியாகவே பஞ்சமி நிலம் என இன்று வழங்கும் ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. அந்நிலத்தைப் பிறர் வாங்கலாகாது என்பது நிபந்தனை. அந்நிபந்தனை மாவட்டமெங்கும் எத்துணை எளிதாக மீறப்பட்டது என்பதை நிலப்பதிவேடுகளைப் புரட்டுவோர் காண்பர். தம் ஆலயமோ கல்லூரியோ நிற்கும் மனையின் மூலப்பத்திரத்தை ஒருமுறையேனும் படித்துப் பார்ப்பது ஆயர்களுக்கு நல்ல பயிற்சி.

பூந்தமல்லி நெடுஞ்சாலையின் சென்னைப் பகுதிக்கு 1979இல் பெரியார் ஈ.வெ.ரா. பெயர் சூட்டப்பட்டது. சேரன்மாதேவி குருகுலத்தில் மாணவர்களுக்குத் தனித்தனிப் பந்தி வைத்ததை எதிர்த்து 1925ஐ ஒட்டிப் போராடியவர் அவர். பெயர் சூட்டியோர் நம்பிகளை நினைத்திருக்க மாட்டார்கள்; ஆயினும் பொருத்தம் தவறவில்லை.

பிற்கால நிகழ்ச்சிகளுள் இவ்வூரின் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது ஒரு துயரம். 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி இச்சாலை வழியே பூந்தமல்லியைக் கடந்து திருப்பெரும்புதூர் சென்று அங்குக் கொல்லப்பட்டார். வழக்கு பூந்தமல்லியில் அமைக்கப்பட்ட தனி நீதிமன்றத்தில் நடைபெற்று, 1998 சனவரி 28 அன்று குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 1999இல் உச்சநீதிமன்றம் அவர்களுள் நால்வருக்கு மட்டும் அதனை உறுதிசெய்தது. 19 பேர் விடுதலையாயினர். பின்னர் மரணதண்டனைகள் யாவும் குறைக்கப்பட்டு, 2022ஆம் ஆண்டு எஞ்சியோரும் விடுவிக்கப்பட்டனர். கொலையுண்டோர் குடும்பங்களின் கண்ணீரையும், இருபத்தாறு தூக்குக் கயிறுகளையும் ஒருசேர எண்ணிப் பார்க்க இவ்வூர் நம்மை வற்புறுத்துகின்றது.

அதே ஊரில் அரசினர் பார்வையற்றோர் பள்ளியும், பிரெயில் அச்சகமும் இயங்குகின்றன. தமிழகத்தின் பல மாவட்டங்களிலும் பார்வையற்ற பிள்ளைகள் விரலால் தடவிப் படிக்கும் பாடநூல்கள் இங்கு அச்சாகின்றன. நீதிமன்றத்தால் ஊரை அறிந்தவர் பலர். இதனால் அறிந்தவர் சிலரே.

இன்று ஊரின் முகம் விரைந்து மாறுகின்றது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரையிலான மெட்ரோ இரயில் தடத்தில், பூந்தமல்லிப் பக்கமாக 2025 மார்ச்சில் ஓட்டுநரில்லா வண்டியின் சோதனை ஓட்டம் நடந்தது. தென்மாவட்டங்களிலிருந்து குடியேறிய நம் சபையாரும், வடமாநிலத் தொழிலாளரும், கல்லூரி மாணவரும் பெருகியுள்ளனர். ஞாயிறு காலையில் கடைமாடிகளிலும் திருமண மண்டபங்களிலும் பாட்டொலி கேட்கின்றது. வாடகை வீட்டு விளம்பரங்களில் யார் சைவம், யார் எவ்வூரார் என்ற விசாரணை இன்னும் நடக்கின்றது. சாலையில் மேலும் சற்றுத் தொலைவிலுள்ள குத்தம்பாக்கத்தில், 1996இல் ஊராட்சித் தலைவரான இரா. இளங்கோ முன்னின்று, தலித் குடும்பமும் பிற குலத்துக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழும் இரட்டை வீடுகளைக் கட்டச் செய்தார். அத்தகைய சுவர் ஒன்றைத் திருச்சபை தன் நிலத்தில் எழுப்பியிருந்தால் நம் இதழ்கள் எத்தனை சிறப்பு மலர் வெளியிட்டிருக்கும்!

1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை தொடங்கியது முதல், திருப்பெரும்புதூர்ப் பகுதி பெருந்தொழில் மண்டலமாயிற்று. கைபேசி உறுப்புகளை இணைக்கும் பணிக்கு ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வெளிமாவட்டங்களிலிருந்து வந்து, பூந்தமல்லியைச் சுற்றியுள்ள விடுதிகளில் தங்குகின்றனர். 2021 டிசம்பர் 15ஆம் நாள் அத்தகைய விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சிலர் இறந்துவிட்டனர் என்ற வதந்தி பரவ, உடன் பணிபுரிந்தோர் சாலையில் அமர்ந்தனர். சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் போக்குவரத்து பல மணிநேரம் நின்றது. லிங்கப்பாவின் காலத்திற்குப் பின் அச்சாலை எத்தனையோ முறை தடுக்கப்பட்டிருக்கும். சோற்றுக்காக உழைக்கும் பெண்கள் தாமே அதனைத் தடுத்தது அரிது. ஓர் அறையில் பலர் தரையில் படுத்துறங்கியதும், தண்ணீரும் கழிப்பிடமும் போதாமையும் அதன் பின்னரே செய்தித்தாள்களுக்கு வந்தன.

அப்பெண்களுள் கிறித்தவர்களும் இருந்திருப்பர். பணிமுறை மாறி மாறி வருவதால் ஞாயிறு ஆராதனைக்கு வருவோர் சிலரே. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. பூந்தமல்லியின் தனியார் விடுதிகளோ நிறைந்தே உள்ளன. விடியுமுன் அவற்றின் வாயிலில் தொழிற்சாலைப் பேருந்துகள் வந்து நிற்கின்றன. உண்டும் உண்ணாமலும் ஏறிக்கொள்ளும் பெண்களோடு அவை மேற்கே திருமழிசை வழியாகச் செல்கின்றன.